சோதனைப் படங்களும் எம் கண்களுக்கு நேர்ந்த சோதனையும்

நெல்லிக்கனியைத் தின்றவர், அதன்மேல் நீர் பருகிய பின்னரே அதன் இனிமையை அறிவர். கல்வியும் சிலபொழுது அத்தகையதே. கற்கும்போது கசந்து, பின்னர் இனிக்கும் பாடங்கள் உண்டு. இவ்வாண்டு எம் தமிழ்ச் சிறப்பு வகுப்பில், இலக்கியத் திறனாய்வுப் பாடத்தின் ஒரு பகுதியாக யாம் கண்ட மூன்று சோதனைப் படங்கள் அவ்வகைப் பாடமாயின. அவற்றைக் கண்டபோது யாம் அடைந்த சலிப்பையும், பின்னர்ப் பெற்ற தெளிவையும், இவ்விரண்டிற்கும் இடையே எமக்கு நேர்ந்த ஒரு வெட்கத்தையும் ஒளிவுமறைவின்றி நம் கல்லூரி மலரின் வாசகர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

சோதனைப் படமாவது யாது?

சோதனைப் படம் என்றவுடன், 'பார்ப்போருடைய பொறுமையைச் சோதிக்கும் படம் போலும்' என்று எம் வகுப்பினர் சிலர் நகையாடினர். அப்பொருள் முற்றிலும் தவறன்று. ஆயினும் நேர்ப்பொருள் வேறு. திரைப்படம் என்றால் அதற்கு ஒரு கதை வேண்டும். கதைக்கு ஒரு தலைவன் வேண்டும். பாட்டும் உரையாடலும் வேண்டும். தொடக்கமும் முடிவும் தெளிவாக இருத்தல் வேண்டும் என்பன வழக்கில் வந்த விதிகள். இவ்விதிகளுள் ஒன்றையோ பலவற்றையோ விலக்கிவிட்டு, 'இஃதின்றியும் படம் நிற்குமோ?' என்று ஆராய்ந்து பார்ப்பதே சோதனைப் படம் என்க. வேதியியல் மாணாக்கன் ஒரு கலவையிலிருந்து ஒரு பொருளைப் பிரித்தெடுத்து, எஞ்சியதன் தன்மையை ஆராய்வதை இதற்கு ஒப்பிடலாம்.

தமிழ்ப் படவுலகிற்கு இம்முயற்சி புதியதன்று. பாட்டின்றிப் படமில்லை என்றிருந்த காலத்தில், 1954ஆம் ஆண்டிலேயே, எஸ். பாலசந்தர் 'அந்த நாள்' என்னும் படத்தை ஒரு பாட்டுமின்றி இயக்கினார். சுட்டுக் கொல்லப்பட்ட ஒருவனைப் பற்றிப் பலர் பலவாறு கூறுவதாக அதன் கதை அமைந்துள்ளது. 1977இல் வெளிவந்த ஜான் ஆபிரகாமின் 'அக்ரகாரத்தில் கழுதை', தாயற்ற கழுதைக்குட்டி ஒன்றை வளர்க்கும் கல்லூரிப் பேராசிரியர் ஒருவரைக் காட்டி, அவர்தம் ஊராரின் மனப்பான்மையை எள்ளி நகையாடியது. 1987இல் சிங்கீதம் சீனிவாசராவ் உரையாடலையே அறவே நீக்கி ஒரு படம் செய்தார். அதற்குத் தமிழில் இட்ட பெயரோ 'பேசும் படம்'! இவை எமக்கு முன்னுரையாகக் கூறப்பட்டன. பின்னர் அறையின் சன்னல்களை அடைத்துவிட்டு, மூன்று வாரங்களில் மூன்று படங்களைக் காட்டினர்.

முதற் படம்: கனவு

மாயா டெரன் என்னும் அம்மையார் தம் கணவர் அலெக்சாண்டர் ஹாமிட்டுடன் சேர்ந்து 1943இல் அமெரிக்காவில் எடுத்த 'மெஷஸ் ஆஃப் தி ஆஃப்டர்நூன்' எமக்கு முதலிற் காட்டப்பட்டது. 'பிற்பகலின் வலைக்கண்கள்' என்று அதன் பெயரைத் தமிழாக்கலாம். பதினான்கு நிமிட அளவினதே அப்படம். ஒருத்தி தன் வீட்டிற்கு வருகிறாள். நாற்காலியில் அமர்ந்து உறங்குகிறாள். கனவில் அவளே மீண்டும் மீண்டும் அவ்வீட்டினுள் நுழைகிறாள். பூ, சாவி, கத்தி, தொலைபேசி ஆகியவை இடம் மாறி மாறித் தோன்றுகின்றன. முகம் இருக்கவேண்டிய இடத்தில் கண்ணாடியை உடைய கரிய உருவமொன்று அவளுக்கு எட்டாமல் முன்னே நடந்து செல்கின்றது.

யாம் அகராதி பார்த்துப் பழகியவர். ஆதலின் குறிப்பேட்டில் 'சாவி என்றால் யாது, பூ என்றால் யாது' என்று பட்டியல் எழுதத் தொடங்கினோம். எம் ஆசிரியர் அதனைக் கண்டு, "கனவு கண்டு அலறி விழித்த தம்பியிடம் முதலில் என்ன கேட்பீர்? கனவின் பொருளையா, அவன் எதற்கு அஞ்சினான் என்பதையா?" என்று வினவினார். பட்டியலை நிறுத்தினோம். மறுமுறை அப்படத்தைக் காட்டியபோது, தன் வீட்டிலேயே தனக்குப் பாதுகாப்பில்லை என்று உணர்பவளின் அச்சம் எமக்கும் ஒருவாறு புலனாயிற்று. பொருள் விளங்குமுன்னரே உணர்ச்சி வந்து சேர்தல் கூடும் என்பது யாம் கற்ற முதற் பாடம்.

இரண்டாம் படம்: விரைவு

அடுத்துக் கண்டது, பிரமோத் பதி 1968இல் இயக்கிய 'எக்ஸ்புளோரர்'. ஏழு நிமிட அளவிலான இப்படத்தைத் தயாரித்தது இந்திய அரசின் பிலிம்ஸ் டிவிஷன் என்று கேட்டு வியப்புற்றோம். 1948இல் நிறுவப்பெற்ற அந்நிறுவனம் 2022இல் தேசியத் திரைப்பட வளர்ச்சிக் கழகத்தோடு இணைக்கப்பட்டுவிட்டது. திரையரங்குகளில் முதன்மைப் படத்திற்கு முன் செய்திச்சுருள் காட்டிய நிறுவனம் என்றே எம் பெரியோர் அதனை நினைவுகூர்வர். அந்நிறுவனத்திலிருந்து, ஆடும் இளைஞரும் இயந்திரங்களும் சமயச் சின்னங்களும் கண்ணிமைக்கும் நேரத்தில் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு பாயும் படமும் வந்திருக்கிறது!

உண்மையைக் கூறின், அப்படம் எமக்குத் தலைவலியைத் தந்தது. இருமுறை கண்டோம், இன்றும் அதனை விரும்புகின்றிலோம். புதியது என்பதனாலேயே ஒன்றைப் போற்றுதல் யாம் மேற்கொள்ளத்தக்க நெறியன்று. ஆயினும் ஒரு வினா எம்மைவிட்டு நீங்கவில்லை. கைப்பேசியில் அதனினும் விரைந்தோடும் படத்துணுக்குகளை யாம் நாழிகைக் கணக்கிற் காண்கிறோமே. அப்பொழுது வராத வலி இப்பொழுது ஏன் வந்தது? கைப்பேசித் துணுக்கு எம்மிடம் எதனையும் கேட்பதில்லை. பிடிக்காவிடின் விரலால் தள்ளிவிடுகிறோம். வகுப்பறைத் திரையை அவ்வாறு தள்ள இயலாது. ஏழு நிமிடம் ஒன்றன்முன் விலகாது இருத்தலே எமக்கு வலியாயிற்று. இவ்வுண்மை அப்படத்தைக் காட்டிலும் கசப்பாயிருந்தது.

மூன்றாம் படம்: நடை

மூன்றாவது, பி. எஸ். வினோத்ராஜ் இயக்கிய 'கூழாங்கல்'. 2021இல் ராட்டர்டாம் திரைப்பட விழாவின் முதன்மை விருதான புலி விருதைப் பெற்ற தமிழ்ப் படம் இது. இதற்குக் கதையுண்டு, ஆதலின் இதனைச் சோதனைப் படம் என்றல் பொருந்துமோ என்று வாதிப்போரும் உளர். ஆனால், கதை மிகச் சிறிது. குடிப்பழக்கமுடைய கணபதி என்பான், பிணங்கிப் பிறந்தகம் சென்ற மனைவியை அழைத்துவர வேண்டித் தன் மகன் வேலுவைப் பள்ளியிலிருந்து இழுத்துச் செல்கிறான். அவளோ முன்னரே தன் வீட்டிற்குத் திரும்பிவிட்டாள். பஸ்ஸுக்கு வைத்திருந்த பணத்தைச் சிறுவன் கிழித்துவிடவே, இருவரும் கொடுவெயிலில் நடந்தே ஊர் திரும்புகின்றனர். மதுரையை அடுத்த வறண்ட நிலத்தில் நிகழும் இந்நடையே பெரும்பாலும் படம் முழுவதும்.

அதன் முடிவில் நெடுங்காட்சி ஒன்று வருகின்றது. சிறு ஊற்றுக்குழியில் கசியும் நீரைப் பெண்டிர் சிறிது சிறிதாக முகந்து குடத்தில் ஊற்றுகின்றனர். பிறர் தம் முறைக்குக் காத்திருக்கின்றனர். காமிரா அவர்களை விட்டு அகலாது நிற்கின்றது. எம் வகுப்பில் முதலில் ஒருவர் கொட்டாவி விட்டார். பின் ஒருவர், "குடம் நிறைந்ததும் எழுப்புங்கள்" என்றார். வகுப்பு முழுவதும் சிரித்தது. அவ்வாறு கூறியவர் வேறெவருமல்லர். இக்கட்டுரையை எழுதும் யாமே.

ஆசிரியர் எம்மைக் கடிந்திலர். அக்காட்சியை மீண்டும் ஓட்டி, "பாத்திரம் எத்தனை முறை குழிக்குள் இறங்குகின்றது என்று எண்ணுக" என்று மட்டும் கூறினார். எண்ணத் தொடங்கியவுடன் சிரிப்பு அடங்கிவிட்டது.

அகப்பாட்டும் அடையாத கதவும்

இப்படத்தைப் பற்றி எழுதும்போதுதான் யாம் தமிழ் மாணாக்கர் என்பது எமக்கு நினைவு வந்தது. பாலைக்கு உரிப்பொருள் பிரிவு என்றும், முல்லையும் குறிஞ்சியும் வெம்மையால் திரிந்து பாலையாகும் என்றும் மனப்பாடமாக அறிவோம். பிரிந்த மனைவி, வெந்த நிலம், நீரற்ற வழி, அவ்வழியே நடப்போர் ஆகிய அனைத்தும் கூழாங்கல்லில் உள. நிலம் அதில் வெறும் பின்னணியன்று. கணபதியின் சினத்தை அவன் வாயினும் அந்நிலமே மிகுதியாகக் கூறுகின்றது.

அகப்பாட்டில் தலைவன் தலைவியர்தம் பெயர் சுட்டப்படுவதில்லை. கதையின் தொடக்கமும் முடிவும் பெரும்பாலும் கூறப்படுவதில்லை. ஒரு கணமும் ஓரிடமும் ஒரு கூற்றுமே நமக்குக் கிடைக்கின்றன. எஞ்சியதை உள்ளுறை வாயிலாக நாமே நிரப்பிக்கொள்கிறோம். அதனைக் குறை என்று எவரும் கூறுவதில்லை. கூழாங்கல்லிலும் ஓர் உள்ளுறை உண்டு. தாகம் தணியச் சிறுவன் ஒரு கூழாங்கல்லை வாயில் அடக்கிக்கொண்டு நடக்கிறான். வீடு சேர்ந்ததும் அதனை எடுத்து வைக்கிறான். அவ்விடத்தில் முன்னரே பல கூழாங்கற்கள் கிடக்கின்றன. இவ்வழியே அவன் எத்தனை முறை நடந்திருக்கிறான் என்பதை ஒரு சொல்லுமின்றி அக்கற்கள் கூறிவிடுகின்றன.

திருமறையில் வரும் கெட்டகுமாரன் உவமையையும் ஈண்டு நினைக்கலாம். வீட்டினுள் விருந்து நடக்கின்றது. மூத்த மகன் சினந்து வெளியே நிற்கின்றான். தந்தை வந்து அவனை வருந்தி அழைக்கின்றார். அவன் உள்ளே சென்றானா, இல்லையா என்பது கூறப்படவே இல்லை. கதவைத் திறந்தபடியே விட்டு உவமை முடிகின்றது. சிறு வயது முதல் அதனைக் கேட்டு வளர்ந்தும், திரையிற் கதவு திறந்தபடி நிற்கக் கண்டபோது மட்டும் 'முடிவில்லை' என்று யாம் முறையிட்டது பொருந்துமோ?

கிருஷ்ணன்கோவிலில் ஒரு கால்மணி நேரம்

மூன்றாம் வகுப்பின் இறுதியில் ஆசிரியர் ஒரு பயிற்சி தந்தார். "நும் ஊரில் ஓரிடத்தில் கைப்பேசியின்றிக் கால்மணி நேரம் நின்று, கண்டதை மட்டும் எழுதி வருக. கருத்து ஒன்றும் எழுதற்க" என்பது அவர் கட்டளை.

எம் ஊர் கிருஷ்ணன்கோவில். மதுரையிலிருந்து திருவில்லிபுத்தூர் செல்லும் நெடுஞ்சாலையில், வத்திராயிருப்புக்கு வழி பிரியுமிடத்தில் உள்ளது. மேற்கே மலைத்தொடர், தெற்கே திருவில்லிபுத்தூரும், அதற்கப்பால் நூற்பாலைகள் மலிந்த இராசபாளையமும் உள. நாள்தோறும் பஸ் ஏறி இறங்கும் அந்நிறுத்தத்திலேயே ஒரு மாலைப்பொழுதில் நின்றோம். முதல் ஐந்து நிமிடம் எழுதுவதற்கு ஒன்றுமில்லை என்றே தோன்றிற்று. பின்னர், தேநீர்க்கடையில் ஒரே வாளி நீரில் கண்ணாடிக் குவளைகள் கழுவப்படுவதைக் கண்டோம். மலையின் நிறம் நீலத்திலிருந்து கருமைக்கு மாறுவதைக் கண்டோம்.

பத்தாவது நிமிடத்தில் மில் வேன் ஒன்று வந்து நின்றது. பெண்கள் இறங்கினர். இறுதியாக இறங்கியவர் கதவைப் பற்றிக்கொண்டு, முழங்காலை ஒரு கையால் அழுத்தியபடி சிறிது நேரம் நின்றார். வேன் அகன்றது. அவர் தலைமயிரில் ஒட்டியிருந்த பஞ்சுத் துகளை ஒவ்வொன்றாக எடுத்துப் போட்டார், சேலையை உதறித் திருத்திக்கொண்டார், முகத்தைத் துடைத்தார். பின்னரே வழக்கம்போல் விரைந்து நடக்கத் தொடங்கினார். அவர் எம் அன்னையார்.

எம் வீட்டில் அவர் தலையிற் பஞ்சைக் கண்டதாக எமக்கு நினைவே இல்லை. அது காணப்படாமைக்கு நாள்தோறும் ஒரு நிமிடம் செலவாகின்றது என்பதையும் அன்றுகாறும் அறிந்திலோம். எம்மைக் கண்டதும், "என்னய்யா, இங்கே நிற்கிறாய்?" என்றார். "கல்லூரிப் பாடம், அம்மா" என்றோம். அவர் கையிலிருந்த தூக்குவாளியை வாங்கிக்கொண்டு உடன் நடந்தோம். வீட்டிற்கு வந்தவுடன் அவர் குடங்களை எடுத்துத் தெருக் குழாயடிக்குப் புறப்பட்டார். அன்று அவரை அமரச்செய்து யாம் சென்றோம். நீர் மெல்லவே வந்தது. எமக்கு முன்னே நால்வர் இருந்தனர். வகுப்பில் யாம் கூறி எல்லாரையும் நகைக்கச்செய்த சொல் அங்கே நின்றபோது எம் செவியில் மீண்டும் ஒலித்தது.

முடிவுரை

இவ்வகைப் படங்களைக் காணப்போகும் இளைய மாணாக்கர்க்கு எம் பட்டறிவிலிருந்து மூன்று சொல்லலாம். முதலாவது, பொருள் யாதென்று வினவுமுன் கண்டது யாதென்று எழுதுக. இரண்டாவது, படத்தில் எது விடப்பட்டுள்ளது என்று நோக்கி, அதனை விட்டதன் காரணத்தை எண்ணுக. மூன்றாவது, ஒருமுறைக்கு இருமுறை காண்க. அதன்பின்னும் பிடிக்காவிடின் அஞ்சாது அவ்வாறே கூறுக. 'எக்ஸ்புளோரர்' பற்றி யாம் அதனையே செய்தோம்.

சோதனைப் படங்கள் அனைத்தும் சிறந்தன என்பது எம் கருத்தன்று. ஆனால், நெடுநேரம் ஒன்றை நோக்கும் ஆற்றலை இழந்தவர்க்கு நல்ல பாட்டும் புலப்படாது; உடன் வாழ்வோரின் உழைப்பும் புலப்படாது. அவ்வாற்றலை மீட்டுத்தர வல்ல படங்கள் நம் பாடத்திட்டத்தில் தொடர்ந்து இடம்பெறுதல் வேண்டும். வரும் ஆண்டில் முதலாண்டு மாணாக்கர் குடம் நிறையும் காட்சியைக் கண்டு சிரிப்பாராயின், ஆசிரியப் பெருமக்கள் அவரைக் கடியற்க. எமக்குத் தந்ததுபோல் அவர்க்கும் ஒரு கால்மணி நேரப் பயிற்சியைத் தந்து ஊருக்கு அனுப்புக.