பசுந்தாள் விதையும் நமது பருவமும்

நாஞ்சில் நாட்டு வயல்களில் கும்பப்பூ அறுவடை மாசியில் முடிகிறது. கன்னிப்பூவுக்கு நிலத்தைப் பண்படுத்தும் வரையில் நமக்குக் கிடைக்கும் இடைவெளி ஏறக்குறைய இரண்டு மாதங்களே. அதற்குள் ஒரு கோடை மழையைப் பிடித்துத் தக்கைப்பூண்டை விதைத்து, நாற்பத்தைந்து நாளில் பூக்கும் தருவாயில் மடக்கி உழுதாக வேண்டும். ஏக்கருக்கு 20 கிலோ விதை தேவை. ஆனால் விதையோ வெளியூர்களிலிருந்து வரவேண்டியிருக்கிறது. மழை பெய்த பிறகு விதையைத் தேடிப் புறப்படுகிறவர், விதையோடு திரும்பும்போது ஈரம் போய்விடுகிறது. ஓராண்டு உரம் இப்படியே கைநழுவுகிறது. ஆகவே, இந்த விதைகளை நமது அங்கத்தினர்களே சேகரித்துச் சங்கத்தில் இருப்பு வைக்க இயலுமா என்பதைச் சற்று ஆராய்வோம்.

இயலும்; ஆனால் ஓர் இடையூறு உண்டு. நமது மாவட்டம் தென்மேற்குப் பருவமழையையும் வடகிழக்குப் பருவமழையையும் ஒருங்கே பெறுவது. நெல்லுக்கு அது வரம். விதைக்காய்க்கு அதுவே பகை. முற்றிய காய் மழையில் நனைந்தால் பூஞ்சணம் பிடிக்கும், அல்லது செடியிலேயே விதை முளைத்துவிடும். தையும் மாசியும் பங்குனியின் முற்பகுதியுமே நமக்கு நம்பத்தக்க வறண்ட காலம். எந்தச் செடியாயினும் அதன் காய் இந்தக் காலத்தில் உலரும்படி நாளைக் கணக்கிட்டு விதைக்க வேண்டும்.

தக்கைப்பூண்டை எடுத்துக்கொள்வோம். புரட்டாசியில் மேட்டு வரப்புகளிலும் வாய்க்கால் ஓரங்களிலும் ஊன்றினால், ஐப்பசி கார்த்திகை மழையில் வளர்ந்து, தை மாசியில் காய் முற்றும். மணிலா அகத்தியும் இவ்வாறே. மேற்கு ஆப்பிரிக்காவைச் சேர்ந்த இச்செடி வேரில் மட்டுமன்றித் தண்டிலும் முடிச்சுவிட்டுக் காற்றிலுள்ள தழைச்சத்தைப் பிடிப்பது. பகற்பொழுது குறுகும் மாதங்களில் விதைத்தால் உயரம் போகாமல் சீக்கிரமே பூத்துவிடும். தழைக்காக வளர்ப்பவருக்கு இது நட்டம். விதைக்காக வளர்ப்பவருக்கோ இதுதான் வேண்டுவது. தழைக்கு ஒரு பருவம், விதைக்கு வேறொரு பருவம் என்பதை மனத்திற்கொள்ள வேண்டும்.

வேலியோரச் சீமைக் கொன்றையைப் பற்றிப் பலர் ஒரு சந்தேகம் எழுப்புவதுண்டு. "எங்கள் மரம் காய்ப்பதே இல்லையே!" என்பார்கள். ஆண்டுதோறும் தழைக்காகக் கிளைகளை மொட்டையடித்தால் எப்படிக் காய்க்கும்? இம்மரம் இலையுதிர்ந்த முதிர்ந்த கிளைகளில்தான் பூக்கிறது. இரண்டு மூன்று மரங்களை வெட்டாமல் விட்டுவிட்டால் தை மாசியில் இளஞ்சிவப்பாகப் பூத்துக் காய்க்கும். காய் மஞ்சட்பழுப்பு நிறம் அடைந்ததும் பறித்துவிட வேண்டும். தாமதித்தால் வெயிலில் படீரென வெடித்து, விதை பல கஜ தூரம் தெறித்துப் போகும். களத்தில் உலர்த்தும்போதும் இதே தொல்லைதான். நெசவாளர் வீட்டில் கழித்துப்போட்ட பழந்துணியொன்றைக் காய்களின்மேல் போர்த்தினால் போதும். இவ்விதைக்கு ஊறவைத்தல் முதலிய எந்தச் சிகிச்சையும் வேண்டா.

போத்து நட்டாலே முளைக்கும் மரத்துக்கு விதை எதற்கு என்று கேட்கலாம். போத்திலிருந்து வரும் மரம் ஆழமாக வேரோடுவதில்லை. சரிவு நிலங்களிலும் காற்றடிக்கும் இடங்களிலும் விதைமரமே நிலைக்கும். மேலும், மத்திய அமெரிக்காவிலிருந்து வந்த இம்மரம் ஆசிய நாடுகளில் பெரும்பாலும் சில மரங்களின் வழியாகவே பெருகியது. ஆகவே ஒரே மரத்தில் பறிக்காமல், தள்ளித் தள்ளி நிற்கும் பல மரங்களிலிருந்து சிறிது சிறிதாகச் சேர்ப்பது நன்று.

கொழுஞ்சியின் கதை வேறு. சில ஆண்டுகளுக்கு முன் யான் ஒரு கடையில் கொழுஞ்சி விதை வாங்கித் தென்னந்தோப்பில் தூவினேன். பத்துக்கு இரண்டுகூட முளைக்கவில்லை. செத்த விதையைத் தலையில் கட்டிவிட்டார் என்று கடைக்காரரை ஏசிவிட்டு, நிலத்தை உழுது போட்டேன். அடுத்த ஆண்டு மழைக்குத் தோப்பெங்கும் கொழுஞ்சி! விதை சாகவில்லை, உறங்கியிருக்கிறது. அதன் மேல்தோல் நீர் புகாதபடி மெழுகுபோல் இறுகியது. விதைக்குச் சமமாகக் கரடுமுரடான ஆற்றுமணலைக் கலந்து, உரலில் மெல்லத் தேய்த்து, தோலில் கீறல் விழச்செய்து விதைக்க வேண்டும். அப்படிச் செய்தபின் கொழுஞ்சி என்னை ஏமாற்றியதில்லை. கடைக்காரரிடம் மன்னிப்புக் கேட்டதும் உண்டு.

எனவே, சங்கத்துக்கு வரும் விதை எதுவாயினும் முன்னதாகவே சோதித்தல் அவசியம். நூறு விதைகளை எண்ணி ஈரத்துணியில் சுற்றி வைக்க வேண்டும். ஒரு வாரம் சென்று பிரித்துப் பார்த்தால் மூன்று வகை தெரியும்: முளைத்தவை, ஊறி அழுகியவை, வைத்தபடியே கல்லாய்க் கிடப்பவை. அழுகியது செத்த விதை, அதற்கு மருந்தில்லை. கல்லாய்க் கிடப்பதை நகவெட்டியால் ஓரத்தில் சிறிது கிள்ளி மறுபடி ஈரத்தில் வைத்தால், உயிருள்ளது இரண்டொரு நாளில் ஊதி முளைவிடும். விதைக்குக் கொடுத்த விலை நியாயமா என்பது அப்போதுதான் தெரியும்.

குலசேகரம், திருவட்டாறு பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் மண்ணை மூடி வளரும் புவரேரியாக் கொடிக்கும் இதே கடினத்தோல் உண்டு. கந்தக அமிலத்தில் நனைத்துக் கழுவுவது தோட்டங்களின் வழக்கம். குழந்தைகள் நடமாடும் வீட்டில் அது ஆகாது. கொதிநீர் இரண்டு பங்கும் பச்சைத் தண்ணீர் ஒரு பங்கும் கலந்தால் ஏறக்குறைய 75 பாகை வெப்பம் கிடைக்கும். அதில் விதையைக் கொட்டி, இரவு முழுவதும் அப்படியே ஊறவிட்டு, காலையில் விதைக்கலாம். இக்கொடி தரையில் படர்ந்திருக்கையில் காய்ப்பது குறைவு; வேலியிலோ பந்தலிலோ ஏறிய கொடியே நன்கு காய்க்கும். விதை வேண்டுவோர் தோட்டத்தின் ஓரத்தில் நாலைந்து கொடிகளை ஏற்றிவிட்டால் போதும்.

இருப்பு வைப்பதில் ஓர் எச்சரிக்கை. துணிப்பை நம் நெசவாளர் கைவேலையாயினும், மழைமாதங்களில் விதைக்கு உகந்ததன்று. காற்றின் ஈரத்தை அது உள்ளே விடும். களத்திலிருந்து சங்கத்துக்குக் கொண்டுவரத் துணிப்பை, பின்னர் மூடி இறுகிய தகரடப்பா. பல்லில் கடித்தால் நசுங்காமல் படக்கென்று உடையும்வரை உலர்த்திய பின்னரே டப்பாவில் இட்டு, விதையின் பெயர், பறித்த மாதம், கொடுத்த அங்கத்தினர் எண், நூற்றுக்கு எத்தனை முளைத்தது ஆகியவற்றை எழுதி ஒட்டிவிட வேண்டும்.