வேதியியல் டீச்சருக்கு

அன்புள்ள சகோதரிக்கு,

எம்.எஸ்ஸி. வேதியியல், பி.எட்., டெட் தேர்ச்சி, ஒன்பது வருட அனுபவம். இருந்தும் மே மாதம் சம்பளம் கிடையாது என்று ஜோலார்பேட்டையிலிருந்து எழுதியிருக்கிறீர்கள். "டியூஷனை விட்டால் எனக்கு வேறென்ன தெரியும்?" என்ற வரிக்குத்தான் இந்தப் பதில்.

உங்கள் ஊரில் ரயில் ஏறினால் வாணியம்பாடி, அதைத் தாண்டி ஆம்பூர். அங்கே தோல் பதனிடும் ஷாப்புகளில் முடி நீக்கச் சுண்ணாம்போடு சோடியம் சல்பைடு சேர்ப்பார்கள். அந்தக் கழிவுநீரோடு அமிலக் கழிவு கலந்தால் ஹைட்ரஜன் சல்பைடு கிளம்பும். உங்களுக்கு இது ஒரு சமன்பாடு. கழிவுநீர்த் தொட்டிக்குள் இறங்குகிறவருக்கு உயிர்ப் பிரச்சினை. முதலில் அழுகிய முட்டை நாற்றம் அடிக்கும். வாயு கூடக்கூட மூக்கு மரத்துவிடும். "நாத்தம் போயிடுச்சு, இறங்கலாம்" என்று அவர் நினைக்கும்போதுதான் ஆபத்து உச்சத்தில் இருக்கும். இதை மறக்காதபடி சொல்லிக்கொடுக்க ஒரு டீச்சர் வேண்டாமா?

ரசாயனங்களுக்குப் பாதுகாப்புத் தரவுத்தாள் உண்டு. மொத்தம் 16 பிரிவுகள், பெரும்பாலும் ஆங்கிலத்தில். 4-வது பிரிவு முதலுதவி. 8-வது, கையுறை, முகக்கவசம் பற்றியது. சோடியம் சல்பைடுக்கான தாளை எடுத்து, அந்த இரண்டையும் ஒரே பக்கத் தமிழாக்குங்கள். எழுத்துக்கூட்டிப் படிக்கிறவருக்காகப் படமும் போடுங்கள். வீட்டில் உருது பேசும் தொழிலாளி ஒருவரிடம் சொல்லிப் பாருங்கள். எங்கே முழிக்கிறாரோ அங்கே திருத்துங்கள். வேலை கேட்டுப் போகும்போது சான்றிதழ்களுக்கு மேலே அந்தப் பக்கம் இருக்கட்டும்.

தோலில் குரோமியம் (VI) அளவு கிலோவுக்கு 3 மில்லிகிராமை எட்டினாலே, உடலில் படும் தோல் பொருட்களை 2015 மே முதல் ஐரோப்பியச் சந்தையில் விற்க முடியாது. ஏற்றுமதி செய்கிறவர்களுக்கு வேதியியல் தெரிந்த ஆள் தேவைப்படுவது அதனால்தான். ஆனால் "ஆசிரியர் தேவை" என்று விளம்பரம் வராது. பாதுகாப்பு, பயிற்சி, ஆய்வகம், தரக் கட்டுப்பாடு என்ற பெயர்களில் தேடுங்கள். தோல் தொழில் தெரியாதே என்று தயங்கினால், 1948-ல் நிறுவப்பட்டு அடையாற்றில் இயங்கும் மத்திய தோல் ஆராய்ச்சி நிலையத்தின் குறுகிய காலப் பயிற்சிகளை விசாரியுங்கள்.

அவசரப்பட்டுப் பள்ளியை விட்டுவிடாதீர்கள். சம்பளம், ஷிப்டு நேரம், பி.எஃப். மூன்றையும் எழுத்தில் வாங்கிய பிறகு முடிவெடுங்கள்.

தலையாட்டுகிற பிள்ளைக்கும் புரியவில்லை என்பதைக் கண்ணைப் பார்த்தே கண்டுபிடிப்பவர் நீங்கள். ஷாப்பில் அந்தக் கண் யாருக்கும் சுலபத்தில் வராது.

எழுதி முடித்ததும் அந்த ஒரு பக்கத்தை எனக்கும் அனுப்புங்கள்.

அன்புடன்,
உங்கள் கடிதம் கண்டவன்