பல்துலக்கியும் பற்பசையும்

ஒலிகள் பிறத்தற்குரிய உறுப்புகளை எண்ணிச் சொல்லவந்த தொல்காப்பியர், நெஞ்சு, மிடறு, நா, இதழ் முதலியவற்றோடு பல்லையும் உடனெண்ணினார். தகரமும் நகரமும் மேற்பல்லின் அடியை நா பொருந்துதலாற் பிறக்கும். வகரம் மேற்பல்லும் கீழிதழும் இயைதலாற் பிறக்கும். முன்பல் விழுந்த சிறுவன் பேசுங்கால் காற்று வழுவிப் போதலைக் கேட்டு நாம் நகைக்கின்றோம். அவனுக்குப் புதுப்பல் விரைவில் முளைக்கும், குறையும் தீரும். மூன்று வயதிலேயே சொத்தையால் முன்பல்லை இழந்த குழந்தையோ ஆண்டுகள் சில காத்திருத்தல் வேண்டும்.

பாற்பல் எப்படியும் விழுவதுதானே, அதனைப் பேணி என்ன பயன் என்பார் உளர். அவர் கூற்றுப் பொருந்தாது. பாற்பல்லானது, தனக்குப் பின்வரும் நிலைப்பல்லுக்கு இடம் காத்து நிற்பது. அது காலத்திற்கு முன் விழுமாயின், அண்டைப் பற்கள் சாய்ந்து அவ்விடத்தைக் கவர்ந்துகொள்ளும். பின்னர் வருவது கோணலாய் முளைக்கும். பாற்பற்கள் 20. ஏறக்குறைய ஆறாம் திங்களில் முளைக்கத் தொடங்கி, மூன்று வயதிற்குள் அவை நிரம்பும். ஆறு வயதளவில் ஒரு செய்தி நிகழ்கின்றது. அதனைப் பெற்றோருட் பலர் அறியார். பாற்பல் எதுவும் விழாமலே, அவற்றிற்கெல்லாம் பின்புறத்தே நிலையான கடைவாய்ப்பல் ஒன்று பக்கத்திற்கு ஒன்றாக முளைக்கும். இதுவும் பாற்பல்லே, விழுந்துவிடும் என்று எண்ணி விட்டுவிடுகின்றனர். வாழ்நாள் முழுதும் உணவை அரைக்க வேண்டிய பல், பத்து வயதிற்குள்ளேயே சொத்தையாகிப் போவதற்கு இவ்வறியாமையே பெரிதும் காரணம்.

மேட்டுப்பாளையத்தில் பவானியாற்றங்கரையில் வேப்பங்குச்சியை மென்று பல் துலக்கியவர் முன்னாளிற் பலர். ஆலும் வேலும் பல்லுக்கு நல்லன என்ற முன்னோர் சொல்லை நாம் இகழ வேண்டுவதில்லை. ஆயினும், குச்சியை மென்று நுனியைக் குச்சம் போலாக்கப் பல்லில் வலிவு வேண்டுமன்றோ? இரண்டு வயதுக் குழந்தை அதனை எவ்வாறு மெல்லும்? செங்கற்பொடியும் அடுப்புக்கரியும் இன்னும் தீயன. அவை பல்லின் மேலுள்ள எனாமல் என்னும் கடினமான பூச்சைத் தேய்த்துவிடும். புகையிலை கலந்த பற்பொடியும் பற்பசையும் நம் நாட்டில் 1992ஆம் ஆண்டிலே தடைசெய்யப்பட்டன.

பிரஷ் எனப் பலரும் வழங்கும் பல்துலக்கிக்கு முன்பு பன்றிமயிரே பயன்பட்டது. நைலான் இழை 1938இல் வந்தது. கடையில் அதனை வாங்குங்கால் பொம்மையையும் வண்ணத்தையும் பார்த்தே பிள்ளைகள் கைநீட்டுவர். அதில் தவறில்லை, விரும்பும் பொருளை விரும்பிப் பயன்படுத்துவர். ஆனால் பெரியோர் பார்க்க வேண்டியவை தலையின் அளவும் இழையின் மென்மையும் ஆகும். பல் முளைக்குமுன் நனைத்த தூய துணியால் ஈறுகளை மெல்லத் துடைத்தாற் போதும். முதற்பல் தோன்றியவுடன், மிகச் சிறிய தலையும் மிக மெல்லிய இழையும் உடைய துலக்கியைத் தாயோ தந்தையோ கையிற்கொண்டு துலக்கிவிடல் வேண்டும். மூன்று வயதிற்கு மேற்பட்ட பிள்ளை தானே பிடிக்க விரும்பும். அதன் கைக்கு அடங்கும் பருத்த பிடி நன்று. பிடிக்கட்டும், ஆயினும், அது முடித்தபின் பெரியவர் ஒருமுறை துலக்கிவிடுதல் ஏழெட்டு வயதுவரை வேண்டும். ஆறு வயதிற்குமேல் சற்றே பெரிய தலை தகும். ஆயினும், கடைவாய்ப்பல்லின் பின்புறத்தை எட்டாத துலக்கி பயனற்றது. எவ்வயதினர்க்கும் மெல்லிய இழையே ஏற்றது. இழைகள் விரிந்து சாய்ந்தால், மூன்று திங்கள் ஆகாவிடினும் மாற்றுக. ஒரு வீட்டில் ஒரே துலக்கியை அண்ணனும் தம்பியும் மாறிமாறிப் பயன்படுத்தல் ஆகாது.

இனிப் பற்பசை. நாம் உண்ணும் சர்க்கரையை வாயிலுள்ள நுண்ணுயிர்கள் அமிலமாக மாற்றுகின்றன. அவ்வமிலம் எனாமலைக் கரைப்பதே சொத்தையின் தொடக்கம். ஃபுளூரைடு என்னும் உப்பு அக்கரைவைத் தடுத்து, இழந்த சுண்ணத்தை மீளச் சேர்க்க உதவும். ஃபுளூரைடுப் பற்பசையை 2021இல் உலக நலவாழ்வு நிறுவனம் இன்றியமையா மருந்துகளின் பட்டியலிற் சேர்த்தது. நம் நாட்டுச் சட்டப்படி, பசையின் பத்து இலட்சம் பங்கில் 1,000 பங்கிற்குமேல் அது இருத்தலாகாது. அவ்வளவு உறைமேல் அச்சிடப்படுதலும் வேண்டும். சிறுவர்க்கென விற்கப்படும் பசைகளுட் சிலவற்றில் பாதியளவே உண்டு. சிலவற்றில் அறவே இல்லை. ஆகலின் உறையைப் படித்தே வாங்குக.

எவ்வளவு இடுவது? விளம்பரப் படங்களில் துலக்கியின் தலை முழுதும் அலைபோலப் பசை கிடக்கும். அது விற்பவர்க்கு வேண்டிய அளவு. மூன்று வயதிற்குட்பட்ட குழந்தைக்கு ஓர் அரிசியளவு போதும். மூன்று முதல் ஆறு வயதுவரை ஒரு பட்டாணியளவு. நம்மூர் மண்டிக்கு வரும் பச்சைப் பட்டாணியுட் பருத்ததை அளவாகக் கொள்ளற்க, சிறியதே அளவு. 1,000 பங்குள்ள பசையாயின், அதில் ஏறக்குறைய கால் மில்லிகிராம் ஃபுளூரைடு இருக்கும். சிறு குழந்தை துப்பப் பழகாது. இனிக்கும் பசையை விழுங்கும். நிலைப்பற்கள் ஈற்றினுள்ளே உருவாகும் அவ்விளமையில் ஃபுளூரைடு மிகுதியாக உட்சென்றால், பின்னர் முளைக்கும் பல்லில் வெண்புள்ளியோ பழுப்புக்கறையோ படியும். அதனாற் பசைக்குழாய் பிள்ளையின் கைக்கு எட்டாத உயரத்தில் இருத்தல் வேண்டும்.

இக்கறை பசையால் மட்டும் வருவதன்று. பாறையூடு ஊறும் நிலத்தடி நீரில் ஒரு லிட்டருக்கு 1.5 மில்லிகிராமுக்கு மேல் ஃபுளூரைடு இருப்பின், அதனைக் குடித்து வளரும் பிள்ளைகளுக்கும் இது நேரும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் இக்குறை நெடுங்காலம் மக்களை வருத்தியது. அதனைத் தணிக்கவே ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013இல் காவிரி நீரை அங்குக் கொணர்ந்தது. பவானியாற்று நீரைக் குடிக்கும் பிள்ளைக்கும், ஆழ்துளைக் கிணற்று நீரையே குடிக்கும் பிள்ளைக்கும் ஒரே பசை பொருந்தும் எனத் துணிதல் இயலாது. வீட்டில் குடிக்கும் நீர் எங்கிருந்து வருகின்றது என்பதைப் பல் மருத்துவரிடம் முதலிற் சொல்லி, அதன்பின் பசையைப் பற்றிக் கேட்க.