ரேமைக் கூட்டுமுன் பிளானைப் பார்

அன்புள்ள தம்பிக்கு,

16 ஜிபி ரேம் உள்ள சர்வரில் போஸ்ட்கிரெஸ் ஓடுகிறது, மாத அறிக்கைக்கான குவெரி மட்டும் இழுத்துக்கொண்டே போகிறது, எந்த செட்டிங்கை எவ்வளவு கூட்டலாம் என்று கேட்டிருந்தாய்.

ஷேர்டு பஃபர்ஸை முதலில் முடித்துவிடுவோம். டிஸ்கிலிருந்து எடுத்த 8 கேபி பக்கங்களை எல்லா கனெக்‌ஷன்களும் பொதுவில் பயன்படுத்தும் இடம் அது. நிறுவியவுடன் பெரும்பாலும் 128 எம்பிதான் இருக்கும். டேட்டாபேஸுக்கென்றே ஒதுக்கிய சர்வர் என்றால் ரேமில் கால்பங்கு, அதாவது உனக்கு 4 ஜிபி, நல்ல தொடக்கம். மீதி வீணாகிறதே என்று வருந்தாதே. படித்த கோப்புகளை லினக்ஸும் அங்கே வைத்துக்கொள்ளும், போஸ்ட்கிரெஸ் அதையும் நம்பித்தான் இயங்குகிறது. மாற்றியபின் ரீஸ்டார்ட் தேவை. எஃபெக்டிவ் கேஷ் சைஸ் ஒரு பைட்டைக்கூட ஒதுக்காது, பிளானருக்குச் சொல்லும் மதிப்பீடு அவ்வளவுதான். 12 ஜிபி என்று போட்டுவிட்டு நகர்ந்துவிடு.

உன் கவனம் வேண்டியது வொர்க் மெம்மில். இயல்பாக 4 எம்பி. ஒரு கனெக்‌ஷனுக்கு இவ்வளவு என்று பலர் எண்ணிக்கொள்கிறார்கள். அப்படி இல்லை. ஒரே குவெரிக்குள் நடக்கும் ஒவ்வொரு சார்ட்டுக்கும் ஒவ்வொரு ஹாஷுக்கும் அது தனித்தனி வரம்பு. 15-ஆம் பதிப்பிலிருந்து ஹாஷுக்கு இரண்டு மடங்கு வரை போகலாம். பேரலல் வொர்க்கர்கள் கிளம்பினால் ஒவ்வொருவரும் தன் பங்கைத் தனியே எடுப்பார்கள். சர்வர் முழுவதற்கும் 64 எம்பி வைக்கிறாய் என்று வை. 100 கனெக்‌ஷன், ஆளுக்கு மூன்று சார்ட் என்றால் 19,200 எம்பி. உன்னிடம் அவ்வளவு இல்லை! ரேம் தீர்ந்தால் லினக்ஸே ஒரு பிராசஸைக் கொன்றுவிடும்; உடனே போஸ்ட்கிரெஸ் மற்ற எல்லா கனெக்‌ஷன்களையும் துண்டித்துவிட்டு ரெகவரியில் இறங்கும். ஓர் அறிக்கை சீக்கிரம் வரவேண்டும் என்பதற்காக, அந்த நேரத்தில் பில் போட்டுக்கொண்டிருப்பவர்கள் எல்லோரும் நிற்க வேண்டுமா?

ஆகவே அந்த ஒரு குவெரியை எக்ஸ்ப்ளெயின் அனலைஸ், பஃபர்ஸ் சேர்த்து, ஓட்டிப்பார். அது குவெரியை உண்மையாகவே ஓட்டும் என்பதை மறக்காதே. அப்டேட், டிலீட் எதுவானாலும் பிகின் போட்டு, பிறகு ரோல்பேக் செய். சார்ட் மெத்தட் என்ற வரியில் எக்ஸ்டர்னல் மெர்ஜ் என்றும் டிஸ்க் அளவும் வந்தால், இடம் போதாமல் தற்காலிகக் கோப்பில் எழுதியிருக்கிறது என்று பொருள். அப்போது அறிக்கை ஓடும் டிரான்சாக்‌ஷனுக்குள் மட்டும் செட் லோக்கல் கொடுத்து வொர்க் மெம்மை உயர்த்து. டிஸ்கில் காட்டிய அளவை அப்படியே வைத்தால் போதாது, மெமரியில் அதே தரவு கூடுதல் இடம் பிடிக்கும். லாக் டெம்ப் ஃபைல்ஸை 0 என்று வைத்தால் வேறு எந்தக் குவெரிகள் இப்படி டிஸ்குக்குப் போகின்றன என்பதும் லாகில் தெரிந்துவிடும்.

எக்ஸ்டர்னல் மெர்ஜ் இல்லாமல் குவிக்சார்ட் என்றே வந்து, ஹாஷிலும் பேட்ச் 1 என்று இருந்தால், வொர்க் மெம்மைத் தொடாதே. இண்டெக்ஸ் இல்லாமல் முழு டேபிளையும் படிக்கிறதா என்று பார். அனலைஸ் ஓட்டி நாளாகிப் பிளானர் தவறாகக் கணித்திருக்கவும் கூடும்.

பிளானை முழுவதும் அப்படியே எனக்கு அனுப்பு. ஒவ்வொரு கட்டத்திலும் பிளானர் எதிர்பார்த்த வரிகள் எத்தனை, உண்மையில் வந்தவை எத்தனை என்பதைத்தான் முதலில் பார்ப்பேன்.

அன்புடன்,
அண்ணன்