நிரல் எழுதும் நெறி

இவ்வாண்டு மலருக்கு அறிவியல் கட்டுரை ஒன்று வேண்டும் என்று நம் சங்கச் செயலாளர் கேட்டபொழுது, என் பாடமாகிய வேதியியலைப் பற்றியே எழுத எண்ணினேன். பிறகு எண்ணத்தை மாற்றிக்கொண்டேன். நம் சங்க உறுப்பினருள் கணிப்பொறியியல் பயில்பவர் சிலரே. ஆயினும் நிரல் எழுதாதவர் அவரினும் சிலர். இயற்பியல் மாணவர் எழுதுகின்றனர். உயிரியல் மாணவர் எழுதுகின்றனர். பொருளியல் பயிலும் நண்பர்களும் எழுதுகின்றனர். படிப்பு முடிந்த பின் நம்மில் பலர் பெங்களூரிலோ ஐதராபாத்திலோ மென்பொருள் எழுதியே வாழப் போகின்றோம். அவ்வாறிருந்தும், எழுத வேண்டிய முறையை நம்மில் பலருக்கு வகுப்பறையில் ஒருவரும் கற்பித்ததில்லை. நானும் கற்றவன் அல்லன், பட்டுத் தெரிந்துகொண்டவன். பட்டதைச் சொல்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

பன்னிரண்டும் ஐம்பதும்

சென்ற ஆண்டு என் முதுகலை ஆய்வுக்காக, ஹைட்ரஜன் பெராக்சைடு சிதைவதை ஓர் உலோக ஆக்சைடு எவ்வளவு விரைவுபடுத்துகிறது என்று அளந்துகொண்டிருந்தேன். வினை நிகழ்வதற்கு மூலக்கூறுகள் ஏறிக் கடக்க வேண்டிய மேட்டினைக் கிளர்வு ஆற்றல் என்பர். வினையூக்கி இல்லாதபொழுது இவ்வினைக்கு மோல் ஒன்றுக்கு ஏறத்தாழ 75 கிலோஜூல் வேண்டும். வெவ்வேறு வெப்பநிலைகளில் வினையின் வேகத்தை அளந்து, அவ்வெண்களை ஒரு நிரலில் இட்டால், அது அர்ரீனியஸ் சமன்பாட்டின்படி கிளர்வு ஆற்றலைக் கணக்கிட்டுத் தரும். அந்நிரல் எனக்கு முன் அங்குப் பயின்று சென்ற ஒருவர் எழுதி வைத்தது. நான் அதனைத் திறந்து படிக்கவில்லை. ஓடுகிறது அல்லவா, அதுவே போதும் என்று இருந்துவிட்டேன்.

நிரல் 12 என்று விடை தந்தது. 75 எங்கே, 12 எங்கே! ஐயம் கொள்ள வேண்டிய இடத்தில் மகிழ்ச்சி கொண்டேன். கருத்தரங்கு ஒன்றுக்கு ஆய்வுச் சுருக்கம் எழுதி அனுப்பினேன், அதுவும் ஏற்கப்பட்டது. செய்தியை ஊருக்குத் தொலைபேசியில் சொன்னேன்; அம்மா அதனைத் தெரு முழுவதும் சொல்லிவிட்டார்கள்.

கருத்தரங்குக்கு மூன்று வாரம் இருக்கையில், முதலாண்டில் சேர்ந்திருந்த மதுரைத் தம்பி ஒருவர் அந்நிரலைக் கற்றுக்கொள்ள விரும்பி என் அருகில் அமர்ந்தார். "அண்ணே, இந்த 0.001987 எங்கேயிருந்து வந்தது?" என்று கேட்டார்.

"அது வாயு மாறிலி, தம்பி."

"வாயு மாறிலி 8.314 இல்லையா, அண்ணே?"

அந்தக் குளிர்காலத்திலும் எனக்கு வியர்த்துவிட்டது. வாயு மாறிலி ஜூல் அலகில் 8.314, கலோரி அலகில் 1.987, கிலோகலோரி அலகில் 0.001987. ஆகவே, நிரல் தந்த 12 என்பது கிலோகலோரி. நான் அதனைக் கிலோஜூல் என்று எழுதிவிட்டேன்! ஒரு கலோரி 4.184 ஜூல். இருவரும் பெருக்கிப் பார்த்தோம். ஏறத்தாழ 50 கிலோஜூல் வந்தது. நல்ல வினையூக்கிதான், ஆனால் வியப்புக்குரியது ஒன்றுமில்லை. அன்று மாலையே பேராசிரியரிடம் உண்மையைச் சொல்லி, சுருக்கத்தைத் திரும்பப் பெற்றுக்கொண்டேன். அம்மாவிடம் சொல்லத்தான் இரண்டு நாள் ஆயிற்று.

நிரலை எழுதியவர் தவறு செய்தாரா? இல்லை. அவர் கிலோகலோரியிலேயே கணக்கிட்டார். அது அவருக்குத் தெரியும். ஆனால் தெரிந்தது அவருடைய நெஞ்சில் இருந்ததேயன்றி நிரலில் இல்லை. அவர் போனார், அதுவும் அவருடன் போயிற்று. நம் பழைய ஏட்டுச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளியிடாமல் எழுதுவதே பெரும்பாலும் வழக்கமாக இருந்தது. எழுதியவர்க்கு அதனால் இடர் இல்லை. பின்னாளில் அவற்றைப் பதிப்பிக்க முயன்ற உ. வே. சாமிநாதையர் போன்ற பெரியோர்க்கன்றோ அதன் இடர் தெரிந்தது! நாம் இன்று எழுதும் நிரல்களும் ஒருவகை ஏடுகளே.

ஆதலின், நான் சொல்ல விரும்புவது ஒன்றே. நிரலைக் கணிப்பொறி மட்டும் படிப்பதில்லை. அடுத்து வருபவரும் படிக்கிறார். அவருக்காக எழுதுங்கள். அந்த 'அடுத்தவர்' ஆறு திங்கள் கழித்து அதே நிரலைத் திறக்கும் நீங்களாகவும் இருக்கலாம். இக்கருத்தை அமைப்பு, கருவி, கூட்டுப்பணி என்னும் மூன்று தலைப்புகளில் விரித்துரைக்கிறேன்.

அமைப்பு

முதலில் கவனிக்க வேண்டியது பெயர். பழைய நிரலில் வாயு மாறிலிக்கு 'ஆர்' என்ற ஓரெழுத்துப் பெயரே இருந்தது. இப்பொழுது அதற்கு 'வாயு மாறிலி, கிலோஜூலில்' என்று பொருள்படும் நீண்ட பெயர் இட்டிருக்கிறேன். தட்டச்சு செய்ய மூன்று நொடி கூடுதலாகும். ஆனால் இனி எவரும் அலகைத் தவறாகக் கொள்ள வழியில்லை. இது மாணவர்க்கு மட்டும் நேரும் பிழை என்று எண்ண வேண்டா. அமெரிக்காவின் நாசா நிறுவனம் 1998ஆம் ஆண்டு டிசம்பர் 11ஆம் நாள் செவ்வாய்க் கோளுக்கு ஒரு விண்கலத்தை அனுப்பியது. தரையில் இருந்த ஒரு மென்பொருள் உந்துவிசைக் கணக்கைப் பவுண்டு அலகில் தந்தது. அதனைப் பெற்றுக்கொண்ட மற்றொரு மென்பொருள் அதனை நியூட்டன் அலகு என்று கொண்டது. ஒரு பவுண்டு விசை 4.45 நியூட்டன். 1999ஆம் ஆண்டு செப்டம்பர் 23ஆம் நாள் அக்கலம் கோளை மிக நெருங்கிச் சென்று அழிந்தது. இரு மென்பொருள்களும் தத்தம் அளவில் சரியாகவே இயங்கின என்பதை நோக்குங்கள். இரண்டுக்கும் இடையே சொல்லப்படாத சொல் ஒன்றே கலத்தைக் கெடுத்தது.

அடுத்தது பகுப்பு. கோப்பைப் படிப்பது, கணக்கிடுவது, வரைபடம் வரைவது ஆகிய அனைத்தும் பழைய நிரலில் ஒரே நீளமாகக் கிடந்தன. எதைத் தொட்டாலும் மற்றொன்று அசைந்தது. டேவிட் பர்னாஸ் என்னும் அறிஞர் 1972ஆம் ஆண்டு எழுதிய கட்டுரையில் இதற்கு ஒரு நல்ல வழி காட்டினார். வேலை நடைபெறும் வரிசையைப் பார்த்து நிரலைப் பகுக்க வேண்டா; பின்னாளில் மாறக்கூடிய முடிவு எது என்று பார்த்து, அம்முடிவு ஒவ்வொன்றையும் ஒரு பகுதிக்குள் மறைத்து வையுங்கள் என்பது அவர் கருத்து. எங்கள் கருவி நாளை வேறு வடிவில் கோப்பு தரலாம். அப்பொழுது கோப்பைப் படிக்கும் சிறு பகுதி மட்டும் மாற வேண்டும். கணக்கிடும் பகுதிக்கு அச்செய்தியே எட்டக் கூடாது.

இதனால் எல்லாவற்றையும் நூறு துண்டாக்குங்கள் என்று பொருளன்று. என்றோ தேவைப்படும் என்று இன்றே கட்டி வைக்கும் ஏற்பாடுகள் பெரும்பாலும் பயன்படுவதில்லை. படிப்பவர்க்குச் சுமையாகவே எஞ்சுகின்றன. இன்றைய தேவைக்கு எளிதாக எழுதுங்கள். நாளை மாற்றுவதற்கு இடம் விட்டு எழுதுங்கள்.

கருவிகள்

நம் விடுதியில் எவருடைய கணிப்பொறியைத் திறந்தாலும் 'இறுதி', 'இறுதி 2', 'உண்மையான இறுதி' என்று மூன்று கோப்புகளைக் காணலாம். எது எதிலிருந்து வேறுபட்டது என்று எழுதியவரே அறியார். இந்நோய்க்கு மருந்து 'கிட்' என்னும் கருவி. லினக்ஸ் இயங்குதளத்தின் மூலநிரலைப் பேணுவதற்காக லினஸ் டார்வால்ட்ஸ் 2005ஆம் ஆண்டு ஏப்ரல் திங்களில் இதனை உருவாக்கத் தொடங்கினார். நீங்கள் செய்யும் ஒவ்வொரு மாற்றத்தையும், செய்தவர் பெயர், நாள், காரணம் ஆகியவற்றுடன் இது பதிந்து வைக்கும். பல சுவடிகளை ஒப்பிட்டுப் பாட வேறுபாடு காட்டும் பதிப்பாசிரியரின் வேலையை இக்கருவி நொடியில் செய்கிறது.

பதிவு செய்யும்பொழுது 'மாற்றம் செய்தேன்' என்று மட்டும் எழுதுவதால் பயன் இல்லை. என்ன மாறியது என்பதைக் கருவியே காட்டும். ஏன் மாற்றினீர்கள் என்பதை நீங்கள்தாம் சொல்ல வேண்டும். மற்றொன்று: சிறு சிறு மாற்றங்களாகப் பதியுங்கள். முன்பு சரியாக ஓடிய நிரல் இன்று ஓடவில்லை, இடையில் ஆயிரம் மாற்றங்கள் நிகழ்ந்துள்ளன என்று கொள்வோம். 'கிட் பைசெக்ட்' என்னும் கட்டளை நடுவில் உள்ள மாற்றத்தை எடுத்துத் தரும். அது நன்றாக இருந்தால் பிழை பின்பாதியில், கெட்டிருந்தால் முன்பாதியில். இவ்வாறு பாதி பாதியாகக் குறைத்துக்கொண்டு போனால் பத்து முறை சோதிப்பதற்குள் பிழை நுழைந்த இடம் அகப்பட்டுவிடும்.

அடுத்த கருவி சோதனை. விடை தெரிந்த கணக்கை முதலில் நிரலுக்குக் கொடுங்கள். கிளர்வு ஆற்றல் 50 கிலோஜூல் என்று நானே வைத்துக்கொண்டு, அதற்குரிய வேகங்களைக் கையால் கணக்கிட்டு, அவற்றை நிரலில் இட்டிருந்தால், அது 12 என்று சொல்லிய அப்பொழுதே குட்டு வெளிப்பட்டிருக்கும். அரை மணி நேர வேலை! அதனைச் செய்யாமல் நான் இழந்தது ஒரு கருத்தரங்கு. இதனினும் மிகுதியாக இழந்தோர் உண்டு. அமெரிக்க ஆய்வுக்குழு ஒன்று 2006ஆம் ஆண்டு இறுதியில் 'சயன்ஸ்' இதழில் தாம் வெளியிட்டிருந்த மூன்று கட்டுரைகளைத் திரும்பப் பெற்றது. அவ்வாய்வகத்தில் புழங்கிய சிறு நிரல் ஒன்று அட்டவணையின் இரு நெடுவரிசைகளை இடம் மாற்றிவிட்டதால், அவர்கள் கண்ட புரத வடிவமே கண்ணாடி நிழல்போல் இடவலம் மாறிவிட்டது.

கருவியின் இயல்பையும் அறிந்திருத்தல் வேண்டும். பைத்தானில் 0.1ஐயும் 0.2ஐயும் கூட்டிப் பாருங்கள், 0.30000000000000004 என்று வரும். கணிப்பொறி இரும எண்ணில் கணக்கிடுவதால், 0.1 என்பதை அதனால் துல்லியமாக வைத்துக்கொள்ள இயலாது. ஆகவே, பின்ன எண்கள் இரண்டு சமமா என்று கேட்காதீர்கள். போதிய அளவு நெருங்கியுள்ளனவா என்று கேளுங்கள். உயிரியல் நண்பர்கள் வேறொரு தொல்லையை அறிவர். 'மார்ச் 1' என்னும் மரபணுப் பெயரை எக்செல் ஒரு நாளாக மாற்றிவிடும். அத்தொல்லை தாளாமல், மரபணுக்களுக்குப் பெயரிடும் குழுவே 2020ஆம் ஆண்டு அத்தகைய பெயர்களை மாற்றியது.

இந்நாளில் செயற்கை நுண்ணறிவுக் கருவிகள் நிரலை எழுதியே தருகின்றனவே, இவ்வளவும் எதற்கு என்று சிலர் கேட்கலாம். நானும் அவற்றைப் பயன்படுத்துகிறேன். எழுதும் வேலையை அவை குறைக்கின்றன. படித்துச் சரிபார்க்கும் வேலையைக் கூட்டுகின்றன. பிறர் எழுதிய நிரலைத் திறந்து படிக்காமல் நம்பியவன் நான். அதன் பயனை மேலே கண்டீர்கள்.

கூட்டுப்பணி

ஐ.பி.எம். நிறுவனத்தில் பெரியதோர் இயங்குதளத்தை உருவாக்கும் பணியை நடத்திய ஃபிரெடரிக் புரூக்ஸ், தம் பட்டறிவை 1975ஆம் ஆண்டு ஒரு நூலாக வெளியிட்டார். காலந்தாழ்ந்த மென்பொருள் பணியில் மேலும் ஆட்களைச் சேர்த்தால் அது மேலும் காலந்தாழும் என்பது அவர் கண்ட உண்மை. காரணம் எளிது. மூவர் சேர்ந்தால் பேசிக்கொள்ள மூன்று வழிகள், அறுவரானால் 15, பன்னிருவரானால் 66. ஆட்கள் இரட்டிக்கும்பொழுது பேச வேண்டிய வழிகள் நான்கு மடங்குக்கும் மேலாகப் பெருகுகின்றன. சென்ற பொங்கல் விழாவில் நாம் இதனைக் கண்கூடாகக் கண்டோம். வெல்லம் வாங்கும் பொறுப்பு தமதென்று மூவர் எண்ணி, மூவரும் வாங்கி வந்தனர். நெய்யை ஒருவரும் வாங்கவில்லை. உழைப்பில் குறைவில்லை, யார் எதைச் செய்வது என்று எழுதி வைக்காததே குறை.

ஆகவே, எழுதி வையுங்கள். ஒவ்வொரு நிரலுடனும் சிறு குறிப்பு ஒன்று இருக்கட்டும்: இந்நிரல் என்ன செய்கிறது, எவ்வாறு ஓட்டுவது, எந்த அலகில் எண்களைக் கேட்கிறது. இம்மூன்றும் போதும். பிறகு, எழுதிய நிரலை மற்றொருவரிடம் காட்டுங்கள். மூத்தவரிடம்தான் காட்ட வேண்டும் என்பதில்லை. எங்கள் ஆய்வகத்தில் பேராசிரியரும் நானும் காணாததை, சேர்ந்து மூன்று திங்களே ஆன தம்பி கண்டார். அவருக்குப் பழக்கம் இல்லை. அதனாலேயே கண்ணுக்குப் பட்டது. "இது கூடத் தெரியாதா?" என்று நான் அன்று ஒரு சொல் சொல்லியிருந்தால் அவர் வாயை மூடிக்கொண்டிருப்பார், தவறு கருத்தரங்க மேடையேறியிருக்கும். கேள்வி கேட்பவரை நாணச் செய்யாத குழுவே நல்ல குழு. பிழை கண்டபொழுது, யார் செய்தது என்று கேட்பதைவிட, மீண்டும் நேராமல் இருக்க என்ன செய்வது என்று கேட்பதே பயன் தரும்.

பிறந்த ஊரைவிட்டு இவ்வடபுலத்திற்கு வந்து பயிலும் நாம், இரண்டு ஆண்டிலோ ஐந்து ஆண்டிலோ போய்விடுவோம். நம் இருக்கையில் வேறொருவர் அமர்வார். அவர் தமிழராக இருக்கலாம். வங்காளியாகவோ பஞ்சாபியாகவோ இருக்கலாம். நாம் விட்டுச் செல்லும் நிரல் ஒன்றே அவரிடம் நமக்காகப் பேசும். அது தெளிவாகப் பேசட்டும். என் திருத்திய நிரலின் குறிப்பில், பிழையைக் கண்டுபிடித்த தம்பியின் பெயரை முதல் வரியில் எழுதி வைத்திருக்கிறேன். அந்தக் குறிப்பைப் படிக்காமல் இனி ஒருவரும் அந்நிரலை ஓட்டக் கூடாது என்பது இப்பொழுது எங்கள் ஆய்வகத்தின் விதி.