குழலின் அடிப்பக்கம்

அன்புள்ள தம்பிக்கு,

உங்கள் அருங்காட்சியகத்துக்கு வந்திருக்கும் இரட்டைக் குழல் வேட்டைத் துப்பாக்கியில் ‘டபிள்யூ. ரிச்சர்ட்ஸ்’ என்று பொறித்திருக்கிறது என்றாய். அதை வைத்துப் பதிவேட்டில் ‘இங்கிலாந்து’ என்று எழுதிவிடாதே. பெல்ஜியத்தின் லியேஜ் நகரத்துப் பட்டறைகள், பர்மிங்காமின் வெஸ்ட்லி ரிச்சர்ட்ஸை நினைவூட்டும் இந்தப் பெயரைப் பொறித்து மலிவுத் துப்பாக்கிகளை ஏராளமாக ஏற்றுமதி செய்தன. ஏமாற்று இல்லாத பெயரும்கூடப் பல சமயம் விற்ற கடையின் பெயர்தான். கல்கத்தா ரோடா கம்பெனியின் பெயர் தாங்கிய துப்பாக்கிகள் இங்கிலாந்தில் செய்யப்பட்டவை.

முதலில் உள்ளே தோட்டா இல்லை என்று பார்த்துக்கொள். பழசுதானே என்ற அலட்சியம் உயிரை வாங்கும். பிறகு குழலைக் கட்டையிலிருந்து கழற்றித் திருப்பு. துருவைத் தேய்க்காதே, முத்திரையும் சேர்ந்து போய்விடும். டார்ச்சைச் சாய்த்துப் பிடித்தாலே போதும், எழுத்து எழும்பி நிற்கும்.

பின்முனையை ஒட்டி இருப்பவை சோதனை முத்திரைகள். வழக்கத்தைவிட அதிக மருந்து போட்டுச் சுட்டு, குழல் தாங்கியது என்று உறுதியான பிறகு சோதனைச்சாலை குத்துபவை. லியேஜ் என்றால் முட்டை வடிவ வளையத்துக்குள் ஈ, எல், ஜி எழுத்துகளும் ஒரு நட்சத்திரமும் இருக்கும். பெரோன் எனப்படும் அந்நகரத் தூணின் சிறு உருவம் 1853இல் சேர்ந்தது. பரிசோதகர் தன் அடையாளமாகக் குத்தும் எழுத்துக்கு 1877இல் கிரீடம் வந்தது, வளையத்துக்கு 1893இல். ஆக, பரிசோதகரின் எழுத்தின் தலையில் கிரீடம் இருந்து வளையத்தின் தலையில் இல்லையென்றால், சோதனை நடந்தது அந்தப் பதினாறு ஆண்டுகளுக்குள். இவ்வளவு தெளிவாகப் பேசும் இரும்பு அபூர்வம். ஜெர்மனியின் ஸூல் நகரத்துத் துப்பாக்கிகள் இன்னும் தாராளம்: 1920களில் மாதத்தையும் ஆண்டையும் எண்ணாகவே குத்தினார்கள்.

ஆனால் முத்திரை சொல்வது குழலின் வயதை மட்டுமே. விசைப் பொறி வேறு துப்பாக்கியிலிருந்து வந்திருக்கலாம், கட்டை பின்னால் மாற்றப்பட்டிருக்கலாம். அடியில் தெரியும் சிறிய முதலெழுத்துகள் குழல் செய்த கொல்லருடையவையாகவும் இருக்கலாம். அதைத் துப்பாக்கி செய்தவர் பெயர் என்று அவசரப்பட்டு எழுதுகிறவர்கள்தான் அதிகம்.

நான் சொன்னபடி முத்திரைகள் இருந்தால், ‘லியேஜ் குழல், 1877–1893, செய்தவர் தெரியவில்லை’ என்று பதிவு செய். தெரியவில்லை என்று எழுதக் கூச வேண்டாம். எழுதுமுன் அடிப்பக்கத்தைப் படமெடுத்து எனக்கு ஒன்று அனுப்பு.