தோள்பட்டை முடிச்சுக்கு ஊசி குத்திக்கொள்ளப் போகிறீர்களா?

நாவலூர், சிறுசேரி ஐ.டி. அலுவலகங்களில் நாள் முழுக்க லேப்டாப் முன் குனிந்திருப்பவர்களுக்குக் கழுத்தோரம் கோலிக்குண்டு போல ஒரு முடிச்சு. அழுத்தினால் வலி தலைவரை ஏறும். இதற்கு மெல்லிய ஊசி குத்தும் சிகிச்சைதான் ‘டிரை நீட்லிங்’. மருந்து எதுவும் ஏற்றுவதில்லை.

1. ஊசி குத்துபவர் பிசியோதெரபி பட்டத்தோடு, இதற்கெனத் தனிப் பயிற்சியும் பெற்றவரா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். தோளுக்கு அடியிலேயே நுரையீரலின் உச்சி இருக்கிறது. ஆழம் தவறினால் அதில் ஓட்டை விழலாம்.

2. புது ஊசியின் உறையை உங்கள் கண்முன் பிரிக்கச் சொல்லுங்கள். ஒருமுறை குத்திய ஊசி தொற்றைக் கடத்தும்.

3. ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை எடுப்பவர்கள், கர்ப்பிணிகள் முதலிலேயே சொல்லிவிடுங்கள்.

4. வெறும் வயிற்றில் போகாதீர்கள், தலை சுற்றும்.

5. குத்தும்போது தசை வெடுக்கென்று துள்ளினால் பயப்படாதீர்கள். பெரும்பாலும் ஊசி முடிச்சில் பட்டதன் அடையாளம் அது. ஓரிரு நாள் வலி இருக்கும், வெந்நீர் ஒத்தடம் போதும்.

6. லேப்டாப்பைக் கண்மட்டத்துக்கு உயர்த்துங்கள். குனிவது நிற்காவிட்டால் முடிச்சு திரும்பவும் வரும், காசுதான் வீண்.

சிகிச்சைக்குப் பின் மூச்சு வாங்கினாலோ நெஞ்சு வலித்தாலோ காத்திருக்காமல் 108-ஐ அழையுங்கள்.